பழைய வினாத்தாளைத் திறந்தால் தமிழைக் காணோம்

எங்கள் பள்ளிக் கணினியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் விட்டுச்சென்ற கோப்புறை ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, பன்னிரண்டு ஆண்டுகளாக அவரே தட்டச்சு செய்த வினாத்தாள்கள். புதிய கணினி வந்து கோப்புகளை அதற்கு மாற்றியபின் திறந்தால், எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தன. "கோப்பு கெட்டுவிட்டது, அழித்துவிடலாம்" என்றார்கள் உடன் பணியாற்றுவோர். கேளம்பாக்கத்தை ஒட்டிய பள்ளி எங்களுடையது. சிறுசேரி சிப்காட்டின் மென்பொருள் வளாகங்கள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அந்தச் சாலையில் இருந்துகொண்டு ஒரு தமிழ் வினாத்தாளைத் திறக்க வழியில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தக் கோடை விடுமுறையில் இதற்கென இருக்கும் சிறு மென்பொருள்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன்.

முதலில் ஐயாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"என்ன எழுத்துருவில் அடிச்சீங்க ஐயா?"

"பாமினிதாம்மா. கடைசி மூணு வருஷம் மட்டும் வானவில்."

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஏனென்றால் கோப்பு கெடவே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி தமிழைச் சேமிப்பதில்லை. ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடுகிறது. ஒருங்குறியில் அப்படி இல்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 என்ற முறையையும் ஏற்றது. ஆனாலும் பேஜ்மேக்கரில் வேலை செய்யும் அச்சகங்கள் ஒருங்குறியை வாங்கிக்கொள்ளாததால், பழைய எழுத்துருக்கள் நம் கணினிகளில் இன்னும் குடியிருக்கின்றன.

உங்களிடம் உள்ள கோப்பு எந்த வகை என்று அறிய எளிய சோதனை ஒன்று போதும். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் ஒருங்குறி. ஆங்கிலமாகவோ விசித்திரக் குறிகளாகவோ தெரிந்தால் பழைய எழுத்துரு.

மாற்றித்தரும் கருவிகள் பல உள்ளன. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர், விஸ்வநாதனின் அழகி, சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் ஆகியவை பலரும் அறிந்தவை. மூலம் பாமினி, இலக்கு ஒருங்குறி என்று தேர்ந்தெடுத்து உரையை ஒட்டினால் நொடியில் தமிழ் வந்துவிடும். நான் கணினியில் நிறுவிக்கொள்ளும் வகையையே பயன்படுத்துகிறேன். தேர்வுக்கு முந்தைய வினாத்தாளையும் மாணவர் பெயர்ப்பட்டியலையும் முன்பின் தெரியாத இணையப் பக்கத்தில் ஒட்டுவது நம் பொறுப்புக்கு அழகில்லை.

சிக்கல் அறிவியல் வினாத்தாளில் வந்தது. தமிழுக்கு நடுவே டிஎன்ஏ, பிஎச் மதிப்பு, வேதிக் குறியீடுகள் ஆகியவை ஆங்கில எழுத்தில் இருக்கும். கன்வெர்ட்டருக்கு அவையும் பாமினி எழுத்துகள்தாம். அவற்றையும் தமிழாக்கி, வாயில் நுழையாத சொற்களைக் கொட்டிவிடும். எம்எஸ் வேர்டில் ‘செலக்ட்’ பொத்தானுக்குள், ஒரே வடிவமைப்புள்ள எழுத்துகளை எல்லாம் ஒரேயடியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு ஆங்கிலப் பகுதிகளுக்கு முதலில் வண்ணம் தீட்டிவிட்டால், மாற்றியபின் எந்த இடங்களை மூலத்தோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்துவிடும். அட்டவணைகளையும் பொருத்துக வினாக்களையும் மறுபடி ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும். தொடக்கத்தில் ஒரு தாளுக்கு அரை மணி நேரம் ஆனது. கை பழகியபின் பத்து நிமிடம்.

மாற்றியபின் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் சில தங்கும். இதைத்தான் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘அவர்’ என்பதில் வரும் ரகரத்துக்குப் பதிலாகக் கால் குறியைப் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள்: ‘அவா்’. அச்சில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். தேடினால் கிடைக்காது. இதைச் சரிசெய்வது எளிது. ‘ா்’ என்பதைத் தேடி ‘ர்’ என்று மொத்தமாக மாற்றிவிடலாம். புள்ளி வைத்த கால் தமிழில் எங்குமே வராது என்பதால் பயமில்லை.

ஔகாரம் அப்படியல்ல. கௌசல்யா என்ற பெயரைப் பலர் ஒற்றைக் கொம்பும் ககரமும் ளகரமுமாக அடித்துவிடுகிறார்கள். திரையில் ‘கெளசல்யா’ என்று அச்சு அசலாக அதே பெயர்போலத் தெரியும். வகுப்புப் பட்டியலில் ஒரு விதமாகவும் உதவித்தொகைப் பட்டியலில் இன்னொரு விதமாகவும் இருந்தால், இரண்டையும் ஒப்பிடும் கணினி ‘இந்த மாணவி இல்லை’ என்றுதான் சொல்லும். எங்கள் எட்டாம் வகுப்புப் பட்டியலில் இப்படி மூன்று பெயர்கள் இருந்தன: ஒரு கௌசல்யா, ஒரு கௌதம், ஒரு மௌலி. இதை மொத்தமாக மாற்றப் புகுந்தால் ஆபத்து. ஒற்றைக் கொம்பும் ளகரமும் நியாயமாகவே சேர்ந்து வரும் சொற்கள் ஏராளம். வெள்ளி, தெளிவு, வெளி எல்லாம் பாழாகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கட்டுரையில் தவறாமல் எழுதும் கெளுத்தி மீனும் தப்பாது. ஆகவே பெயர் பெயராகத்தான் பார்த்துத் திருத்த வேண்டும். ‘ஔவையார்’ என்பதையும் அப்படியே. முதலெழுத்து ஒகரமும் ளகரமுமாக இருக்கிறதா என்று பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டியல் என்றதும் இன்னொன்று. பாமினியில் அடித்த பெயர்களை எக்செல்லில் அகரவரிசைப்படுத்தினால் யமுனா முதலில் வருவாள், கண்ணன் அடுத்து, அமுதா அதற்கும் பின்னால். யகரம் இருப்பது ஆங்கில ஏ விசையில், ககரம் எஃப் விசையில், அகரம் எம் விசையில். வருகைப்பதிவேட்டுக்கு வரிசைப்படுத்த முயன்று சலித்துப்போனவர்களுக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்.

இனி அடிப்பவற்றையாவது ஒருங்குறியில் அடிக்கலாம். என் பரிந்துரை தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை இது. விண்டோஸ் 11இல் உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். அகரத்துக்கு நேர்மேலே ஆகாரம், இகரத்துக்கு மேலே ஈகாரம் என்று உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வரும். ப, ள, ள, இ என்ற நான்கு விசைகளில் ‘பள்ளி’ முடிந்தது. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானே விழும்: ப, ந, த, உ என்றால் ‘பந்து’. ‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாம் என்றால் இரண்டு மகரங்களுக்கும் நடுவே ஓர் அகரத்தை அடிக்க வேண்டும். உயிர், மெய், இனவெழுத்து என்று வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதுவதெல்லாம் இங்கே விரலுக்கு வருகிறது. ஆங்கில ஒலிப்பில் அடிப்பது எளிது என்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு அதுவும் சரிதான். ஆனால் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு ழகரத்தை ஆங்கில எழுத்துகளின் வழியாக அறிமுகம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சில்லறை உதவிகள் இன்னும் உண்டு. கிளிப்போர்டு வரலாற்றை இயக்கிவைத்திருந்தால், விண்டோஸ் விசையுடன் ‘வி’ அழுத்தும்போது அண்மையில் நகலெடுத்தவை பட்டியலாக வரும். வினாத்தாள் தொகுக்கும்போது கோப்புக்குக் கோப்பு தாவ வேண்டியதில்லை. ‘எவ்ரிதிங்’ என்ற சிறு மென்பொருள் கோப்பின் பெயரில் ஒரு சொல் நினைவிருந்தாலே தேடித் தந்துவிடும், தமிழ்ப் பெயரானாலும். சந்திப் பிழை பார்க்க நீச்சல்காரனின் நாவியும், எழுத்துப் பிழை பார்க்க அவருடைய வாணியும் இருக்கின்றன. அவை சுட்டுவதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை; முடிவு தமிழாசிரியருடையது.

கோப்புறையில் இரண்டு தாள்கள் மட்டும் எந்தக் கன்வெர்ட்டருக்கும் மசியவில்லை. ஐயாவிடம் அவற்றின் அச்சுப்படிகள் இருந்தன. பகல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தபோது எழுத்துகளைப் படித்துக் கொடுத்துவிட்டது. வினா எண்களும் அடைப்புக்குறிகளும் இடம் மாறியிருந்தன. அவற்றை மூலத்தோடு வைத்துச் சரிபார்த்துத் தருவதாக ஐயாவே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.