மறந்துபோன பழைய பாட்டுகள்

பழைய சினிமாப் பாடல்கள் இன்றும் மனதில் நிற்கின்றன. இப்போது வருபவை மூன்றே மாதத்தில் மறந்துபோகின்றனவே, ஏன்? – வாசகர், தேனி

பழசிலும் மறந்துபோனவைதான் அதிகம். 'அன்னக்கிளி' வந்த 1976-இல் வெளியான மற்றப் படங்களின் பாட்டுகளில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கிறது? காலம் சலித்துத் தந்ததைத்தான் கேட்கிறோம். இலங்கை வானொலியும் பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு மனதில் பதியவைத்தது. ஒன்றில் மட்டும் நான் உங்கள் கட்சி: அன்று பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார்கள், ஒருவர் பிசகினாலும் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். அந்த ஒட்டுறவு காதுக்குத் தெரியும். இன்று எல்லாம் தனித்தனியாகப் பதிவாகிக் கணினியில் சேர்கிறது. ஆனால் மெட்டு வற்றிவிடவில்லை. 2018-இல் வந்த '96' படத்துக்குக் கோவிந்த் வசந்தா போட்ட பாட்டுகளை, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் தினமும் கேளுங்கள். எட்டாம் நாள் நீங்களே முணுமுணுப்பீர்கள்.