மலாக்காவுக்கு ரயில் இல்லை என்று யார் சொன்னது?

"மலாக்காவுலதான் ரயிலே இல்லையே, சார்." ஜாசின் பக்கம் கல்யாண வீடானாலும் சரி, அலோர் காஜாவில் கோயில் திருவிழாவானாலும் சரி, இந்தப் பேச்சு காதில் விழாமல் இருப்பதில்லை. அதன் தொடர்ச்சியும் எல்லோருக்கும் மனப்பாடம். கேஎல் போக கார் வேண்டும், கார் இல்லாதவர் வாடகைக்குப் பிடிக்கவேண்டும், அங்கே இறங்கினாலும் கிராப் இல்லாமல் ஓர் அடி நகரமுடியாது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சொல்கிறவர் தன் காரில் ஏறிப் போய்விடுவார். அதை நம்பிக் காசைத் தொலைக்கிறவர்கள், கேஎல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகவேண்டிய தோட்டத்து முதியவர்களும், பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கத் தனியாகப் புறப்படும் அம்மாக்களும்தான்.

ரயில் இருக்கிறது. வாய்ப் பழக்கத்தில் தம்பின் ஸ்டேஷன் என்கிறோமே, அது நிற்பது மலாக்கா மண்ணில். தம்பின் நகரம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. ஸ்டேஷன் இருப்பதோ நம் அலோர் காஜா மாவட்டத்துப் பூலாவ் செபாங்கில். அதன் பெயரே ‘பூலாவ் செபாங்/தம்பின்’. 2013இல் சிரம்பானிலிருந்து கிம்மாஸ்வரை மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். 2015இல் கொமுட்டர் ரயில் பூலாவ் செபாங் வரைக்கும் வந்தது. அந்தத் தடம் போய் முடிகிற இடம் பத்துமலை. முருகன் கோயில் வாசலுக்கு நம் மாநிலத்திலிருந்தே கொமுட்டர் தடம் இருக்க, தைப்பூசத்துக்கு வேன் பிடிக்கத் தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்துகொண்டிருக்கிறோம். 2025 தைப்பூசத்தின்போது கொமுட்டரை இரண்டு நாள் இலவசமாகவே விட்டார்கள். அப்போதும் நம் ஆட்கள் நெடுஞ்சாலையில் வேனுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

ரயில் இல்லை என்ற பேச்சுக்கு ஒரு வேர் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1905இலிருந்து தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கே கிளை ரயில் ஓடியது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதைக்குத் தோட்டங்களிலிருந்து நம் சனங்களையும் ஆயிரமாயிரமாக ஏற்றிப் போனார்கள். அவர்களில் பல ஆயிரம் பேர் வீடு திரும்பவில்லை. போரில் போன தண்டவாளம் மலாக்கா நகருக்குத் திரும்பி வரவே இல்லை. பிறகு ஆயர் கெரோவில் நிற்கும் என்று பேசப்பட்ட அதிவேக ரயிலுக்கு 2016இல் சிங்கப்பூரோடு ஒப்பந்தம் போட்டார்கள், 2021 பிறந்ததும் அதுவும் முடிந்துபோனது. போன ரயிலையும் வராத ரயிலையும் நினைத்துக்கொண்டு, ஓடுகிற ரயிலை இல்லை என்கிறோம்.

"இருந்தாலும் ரயில் டிக்கெட் விலை அதிகம்" என்பார்கள். அவர்கள் பார்த்தது இடிஎஸ் டிக்கெட்டை. அதே ஸ்டேஷனில் நிற்கும் இடிஎஸ் வேகமானது, இருக்கை முன்பதிவு உண்டு, கட்டணமும் கூட. கொமுட்டர் வேறு வண்டி, மலிவு வண்டி. மெதுவாகத்தான் போகும்; கேஎல் சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிரம்பானுக்குத் தெற்கே வண்டிகள் குறைவு என்பதால் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும், திரும்பி வரும் கடைசி வண்டி நேரத்தையும் சேர்த்து. இதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு ரயிலைக் குறை சொல்லாதீர்கள்.

ஜாசின், மெர்லிமாவ் பக்கத்தவர்களுக்குப் பூலாவ் செபாங் சுற்றுவழி. அவர்களுக்கு மெலாக்கா சென்ட்ரலிலிருந்து கேஎல்லின் டிபிஎஸ் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ்தான் சரி. பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் பெரும்பாலும் டிக்கெட் கிடைக்கும். கார்க் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். போக வர ஏறக்குறைய 300 கிலோமீட்டர், 25 லிட்டர் பெட்ரோல், லிட்டர் இரண்டு வெள்ளி என்றாலும் 50 வெள்ளி. இரண்டு பேரின் பஸ் செலவு இதிலேயே ஏறக்குறைய வந்துவிடுகிறது. டோலும் பார்க்கிங்கும் தனி. நான்கைந்து பேர் நிறைந்த சொந்தக் காரோடு எனக்குச் சண்டை இல்லை, அது கட்டுப்படியாகும். முதிய தம்பதி இருவருக்காக ஒரு வாடகைக் கார் என்பதைத்தான் தாங்கமுடியவில்லை.

"டிபிஎஸ்ஸில் இறக்கிவிட்டால் நடுக்காட்டில் விட்ட மாதிரி, கிராப்தான் கதி" என்பது அடுத்த பொய். பேருந்துகளை 2011இல் அங்கே மாற்றியபோது பரவிய பயம், இன்னும் போகவில்லை. டிபிஎஸ்ஸிலிருந்து நடைபாலம் வழியாக நடந்தால் பண்டார் தாசிக் செலாத்தான் ஸ்டேஷன். கொமுட்டர் பிடித்தால் நேராகப் பத்துமலை. கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம். எல்ஆர்டி பிடித்தால் மஸ்ஜித் ஜாமேக், சேலைக் கடைகளுக்கு அங்கே இறங்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எல்ஆர்டியில் சான் சோ லின் போய் எம்ஆர்டிக்கு மாறினால், 2023இல் திறந்த ஸ்டேஷன் ஆஸ்பத்திரி பெயரிலேயே இருக்கிறது.

மற்றவை சில்லறை. ‘மை50 வாங்கினால் எல்லா ரயிலும் ஓசி’ என்கிறார்கள். அது 30 நாள் பாஸ்; தினமும் வேலைக்குப் போகிறவருக்கு லாபம், ஒருநாள் போய்வருகிறவருக்கு நட்டம், கொமுட்டரில் செல்லாது. டோக்கனும் டச் அண்ட் கோவும் ஒரே விலை இல்லை. அட்டைக்குக் கட்டணம் குறைவு. கேஎல் நகரப் பஸ்ஸில் காசை நீட்டினால் வாங்கமாட்டார்கள். 2012இலிருந்து நகருக்குள் சுற்றும் கோகேஎல் பஸ் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் விட்டதல்ல. மலேசியர்களுக்கு இலவசம், மைகாட் கையில் இருக்கட்டும். 60 வயதானால் பாதிக் கட்டணம் என்பது உண்மைதான், ஆனால் நரைத்த தலையைப் பார்த்துத் தருவதில்லை. எல்ஆர்டி, எம்ஆர்டிக்குச் சலுகை அட்டையைப் பதிந்து வாங்கவேண்டும். பேரப்பிள்ளைகளே, இதைச் செய்துகொடுக்க உங்களுக்கு ஒரு காலைப்பொழுது போதாதா?

எனக்கு மிச்சமிருக்கும் ஒரே வருத்தம், தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழி. காடேக்கிலிருந்தும் தெபோங்கிலிருந்தும் பூலாவ் செபாங் அதிக தூரமில்லை. ஆனால் ரயில் நேரத்துக்குப் பொருந்துகிற பஸ் வேண்டும். தொகுதி அலுவலகத்துக்கு மண்டபமும் கூரையும் கேட்டு மனு எழுதுகிறோம். இந்தப் பஸ்ஸைக் கேட்டும் ஒரு மனு எழுதுங்கள், எந்த வண்டி நேரத்துக்கு வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். அது வரும்வரை, அடுத்த தைப்பூசத்துக்கு வேன் பேசும் கோயில் கமிட்டிகள் அந்த வேனைப் பத்துமலைக்குப் பேசவேண்டாம். பூலாவ் செபாங் வரைக்கும் இரண்டு மூன்று நடை அடிக்கச் சொல்லிப் பேசுங்கள்.