கோப்பு விடு தூது

தூது என்னும் பிரபந்தத்தைப் பயின்றோர், தலைவி தான் விடுக்கும் தூதினை நோக்கித் தலைவன்பால் மாலை வாங்கி வருமாறு வேண்டுதல் அதன் மரபு என்பதை அறிவர். தூது சென்றமை மட்டும் போதாது. சென்று சேர்ந்தமைக்கு அடையாளம் ஒன்று மீண்டு வருதல் வேண்டும். தொலைவிலுள்ள கணினிக்குக் கோப்புகளை விடுத்தலும் இத்தன்மையதே. நாம் விடுக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும், சர்வர் எனப்படும் சேவையகம் மூன்று இலக்கமுடைய ஓர் எண்ணை மறுமொழியாக அனுப்புகின்றது. நம் மாணவருள் பலர் அதனைப் படிப்பதிலர். சிவந்த வரியொன்றைக் கண்ட மாத்திரத்தில் மனங்கலங்கிக் கணினியை அணைத்து மீண்டும் இயக்குவர். அவ்வெண்ணுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தையும், அது கூறாது விடும் ஒன்றினை யான் அறியாமையால் நம் சஞ்சிகைக்கு நேர்ந்த இழப்பினையும் இக்கட்டுரைக்கண் எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

எப்.டி.பி. என வழங்கும் கோப்புப் பரிமாற்ற நெறியை முதன்முதல் வகுத்தவர் அலகாபாத்திற் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யிற் பயின்ற அபய் பூஷண் என்னும் நம் நாட்டவரே. அவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த காலத்து, 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், ஆர்.எப்.சி. 114 என்னும் ஆவணமாக அதனை வெளியிட்டார். பின்னர்ப் பல திருத்தங்கள் நிகழ்ந்தன. 1985-இல் போஸ்டல், ரெனால்ட்ஸ் என்னும் இருவர் எழுதிய ஆர்.எப்.சி. 959 இன்றும் அந்நெறிக்கு அடிப்படையாக நிற்கின்றது.

இனி மறுமொழி எண்ணைப் பகுபதம் போலப் பகுத்து நோக்குவோம். முதல் இலக்கம் செயலின் நிலையை உணர்த்தும். 1 எனின் பணி தொடங்கிற்று. 2 எனின் முடிந்தது. 3 எனின் நின்பால் இன்னும் ஒன்று வேண்டும். 4 எனின் இப்பொழுது இயலவில்லை, பின்னர் முயல்க. 5 எனின் இயலாது, இதனையே மீட்டும் சொல்லற்க என்பதாம். இடையிலக்கம் காரியம் எத்துறையைப் பற்றியது என்பதைக் காட்டும். 2 இணைப்பையும், 3 புகுவார்தம் உரிமையையும், 5 கோப்புகளையும் குறிக்கும். ஆகவே, 530 என வரின் வழியிற் குற்றமில்லை, வாயிலிலும் குற்றமில்லை. பெயரோ கடவுச்சொல்லோதான் பிழைபட்டது. 550 எனின், அகத்தே புகுந்துவிட்டோம். நாம் கேட்ட கோப்பு அங்கில்லை, அன்றேல் அதனைத் தொட நமக்கு உரிமையில்லை. இத்துணையும் அறிந்த ஒருவன் 530-ஐக் கண்டு பயர்வாலைத் திறக்கப் போகான்.

530 வந்தபின் அதே சொல்லைப் பன்முறை தட்டெழுதுவார் உளர். சேவையகங்கள் பல, சில முறை பிழைத்தோரைச் சிறிது காலத்துக்குப் புறத்தே நிறுத்திவிடும். பின்னர்ச் சரியான சொல்லும் செல்லாது. நியாயாதிபதிகள் ஆகமம் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறைகளைக் காத்து நின்ற கீலேயாத்தியர், எப்பிராயீமரை ஒரு சொல்லின் முதலெழுத்தின் ஒலி கொண்டே பிரித்தறிந்த வரலாறு நினைவுக்கு வருகின்றது. சேவையகமும் அத்தகைய வாயிலோனே. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதற்கு வெவ்வேறு. லினக்ஸ் இயங்கும் கணினியில் கோப்பின் பெயர்க்கும் இவ்விதி பொருந்துமாதலின், 550-க்கும் இதுவே காரணமாதல் உண்டு.

யாவரையும் பெரிதும் மயக்குவது பிறிதொரு நிலை. பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டு 230 வந்திருக்கும். எனினும் கோப்புகளின் பட்டியல் வாராது. நெடும்பொழுது கழித்து 425 தோன்றும். எப்.டி.பி.க்கு வழிகள் இரண்டு என்பதை அறியாதார்க்கு இது விளங்காது. கட்டளை செல்லும் வழி ஒன்று. பட்டியலும் கோப்பும் செல்லும் வழி மற்றொன்று. முதல் வழி 21-ஆம் போர்ட்டிற் செல்வது. இரண்டாவது வழியைப் பழைய முறையில் சேவையகமே நம் கணினியை நோக்கித் திறக்க முயலும். நம் இல்லத்து ரௌட்டரோ, புறத்திருந்து வரும் அழைப்பைத் தடுத்துவிடும். 'பாசிவ்' என்னும் முறையில் அவ்வழியையும் நாமே திறக்கின்றோம். அப்பொழுது சேவையகம் 227 என்று கூறி, ஆறு எண்களைத் தரும். முதல் நான்கும் அதன் முகவரி. இறுதி இரண்டும் போர்ட்டு. அவை 195, 80 எனின், 195-ஐ 256-ஆற் பெருக்கி 80 கூட்ட, 50,000 என்பது பெறப்படும். அந்தப் போர்ட்டு சேவையகத்தின் பயர்வாலில் அடைபட்டிருப்பின் 'பாசிவ்' முறையும் பயன்படாது. பொறுப்பாளரிடம் அந்த எண்ணையே குறித்துச் சொல்லின் அவர் உடனே திருத்துவர். வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால் அவர் என் செய்வார்?

எண்ணே வாராத நிலையும் உண்டு. பெயரை அறிய இயலவில்லை எனின், முகவரியின் எழுத்தையோ நம் இணையத்தையோ ஆராய்க. மறுக்கப்பட்டது எனின், பெரும்பாலும் அக்கணினி உளது, அவ்வாயிலில் ஆளில்லை. நேரம் கடந்தது எனின், நம் தட்டல் வழியில் எங்கோ விழுங்கப்பட்டது.

எப்.டி.பி. கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பும் குறையுடையது. ததூ யுலோனென் என்பார் 1995-இல் எஸ்.எஸ்.எச். என்னும் மறைநெறியை இயற்றினார். அதன்மேல் இயங்கும் எஸ்.எப்.டி.பி. 22-ஆம் போர்ட்டு ஒன்றையே கொண்டு யாவும் முடிப்பதால், மேற்கூறிய இருவழித் துன்பம் அதற்கில்லை. குரோம், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகள் 2021-இல் எப்.டி.பி.யை அறவே கைவிட்டன. எஸ்.எப்.டி.பி.யில் சேவையகத்தின் விரல்ரேகை மாறியது என்னும் எச்சரிக்கை தோன்றின், ஆம் என்று அழுத்தி அப்பாற் செல்லுதல் கூடாது. கணினியைப் புதுப்பித்திருப்பின் ரேகை மாறும். வேறொருவன் இடைநின்று ஏமாற்றினும் மாறும். எது என்பதைப் பொறுப்பாளரைக் கேட்டே துணிதல் வேண்டும்.

இனி எம் இழப்பைக் கூறுகின்றேன். நம் சஞ்சிகையின் வெள்ளி விழா இதழ் நூலகத்தில் ஒரு படியே இருந்தது. அதனைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேவையகத்துக்கு அனுப்பும் பணி என்பால் வந்தது. விண்டோஸுடன் வரும் பழைய எப்.டி.பி. கட்டளைக் கருவியைக் கொண்டு ஓரிரவில் யாவற்றையும் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் 226 வந்தது. பரிமாற்றம் நிறைவுற்றது என்பது அதன் பொருள். மாலை வந்துவிட்டது என மகிழ்ந்து, இடமின்மையால் என் கணினியிலிருந்த படங்களை அழித்தேன்.

மறுநாள் திறந்தபொழுது, படங்களின் மேற்பகுதியிற் சில வரிகள் தெளிவாய்த் தோன்ற, கீழ்ப்பகுதி நிறஞ்சிதைந்து சாம்பல் மூடிக் கிடந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. அக்கருவி, வேறு சொல்லாதவழி, எல்லாக் கோப்பையும் உரைநடைக் கோப்பாகவே கொள்ளும். விண்டோஸில் ஒரு வரியின் முடிவை 13, 10 என்னும் இரு பைட்டுகள் குறிக்கும்; லினக்ஸில் 10 மட்டுமே குறிக்கும். ஆகவே, உரைக்கோப்பு என்று நம்பிய சேவையகம், 13-ஐயடுத்து 10 வந்த இடந்தோறும் 13-ஐ நீக்கிற்று. படத்துக்கு வரி ஏது? அங்கே அவ்விணை தற்செயலாக வருவது. 65,536 பைட்டுகளுக்கு ஒருமுறை எனக் கொள்ளலாம். 3 மெகாபைட்டுப் படத்தில் ஏறக்குறைய 48 பைட்டுகளே குறையும். பட்டியலில் அளவு 3 மெகாபைட்டு என்றே தோன்றுமாதலின் கண்ணுக்குப் புலனாகாது, படமோ கெட்டொழியும். நீக்கியவற்றை மீளச் சேர்க்கலாமோ எனின், எஞ்சிய பல்லாயிரம் 10-களுள் எவற்றின் முன் 13 நின்றதென்று அறிய வழியில்லை. ஏட்டிற் புள்ளியிடாத எழுத்தையாவது பொருள் நோக்கி ஊகிக்கலாம். இதனை ஊகித்தலும் அரிது. தொடங்குமுன் 'பைனரி' என்னும் ஒரு கட்டளையை இட்டிருப்பின் இத்தீங்கு நேர்ந்திராது.

இப்பொழுது எஸ்.எப்.டி.பி.யையே கையாளுகின்றோம். அனுப்புமுன் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்னும் கணிப்பால் 64 குறிகள் கொண்ட முத்திரை ஒன்றை எடுத்து வைத்து, அனுப்பியதை மீளப் பதிவிறக்கி அதற்கும் முத்திரை எடுத்து, இரண்டும் ஒத்த பின்னரே மூலத்தை அழிக்கின்றோம். ஒரு பைட்டு மாறினும் முத்திரை வேறாகிவிடும். வெள்ளி விழா இதழையும் மறுமுறை படமெடுத்தோம். ஆயினும், 43, 44-ஆம் பக்கங்கள் அமைந்த தாள் முதன்முறை கண்ணாடிமேல் வைத்து எடுக்கும்பொழுதே நொறுங்கிப்போனமையால், அவ்விரண்டையும் மீட்க இயலவில்லை. ஒரு மாணவர் எழுதிய பயணக் கட்டுரையின் தலைப்பும் முதல் நான்கு வரியும் மட்டும் எஞ்சியுள்ளன. பழைய மாணவர் எவரிடத்தேனும் அவ்விதழ் இருப்பின், அஞ்சலில் விடுக்க வேண்டா. தமிழ்ப் பகுதியின் ஆசிரியர்க்கு ஒரு வரி எழுதினால், யாங்களே வந்து அவர் இல்லத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள்வோம்.