பாஷை சிருஷ்டிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நோட்டுப் புத்தகம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. ‘பாகுபலி’ படத்தில் காலகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி அமைத்த கிலிக்கியைக் கேட்ட நாள் முதல் உனக்கும் ஒரு பாஷை படைக்க வேண்டுமென்ற ஆசை பற்றிக்கொண்டதாக எழுதியிருந்தாய், நல்ல ஆசைதான். உன் மலைநாட்டு வீரர்களுக்கென்று நீ ஆக்கி வைத்திருக்கும் நானூறு சொற்களையும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து வாய்விட்டே படித்தேன். மலைக்கு ‘க்ஷ்ராக்’ என்றும் தண்ணீருக்கு ‘த்ஸூம்’ என்றும் படிக்கப் படிக்க, பக்கத்து அறையிலிருந்த என் மனைவி எனக்குத் தொண்டை கட்டிவிட்டதோ என்று மிளகுக் கஷாயம் கொண்டுவந்து வைத்ததை மட்டும் சொல்லி, அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

சிறு பிராயத்தில் நாங்கள் ‘க’ பாஷை பேசுவோம். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ககரத்தைச் செருகி, ‘நீ வா’ என்பதைக் ‘கநீ கவா’ என்று சொல்லி, பெரியவர்களை ஏமாற்றிவிட்டதாக இறுமாந்திருந்தோம். அது பாஷையன்று, தமிழுக்குப் போட்ட முக்காடு. நீயும் ‘நான் மலைக்குப் போகிறேன்’ என்பதில் ‘நான்’, ‘மலை’, ‘கு’, ‘போ’, ‘கிறு’, ‘ஏன்’ என்று ஒவ்வொன்றையும் பிரித்து, அந்தந்த இடத்தில் வேறோர் ஒலியை நிறுத்தியிருக்கிறாயே அன்றி, அம்மலைவாசிகள் உலகத்தை வேறு விதமாகக் கூறு போட்டுப் பார்க்கக்கூடும் என்று நினைக்கவே இல்லை. இதற்காக நீ வெட்கப்பட வேண்டாம். பாஷை படைக்கும் இக்கலையின் மூலபுருஷர் என்று கொண்டாடப்படும் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் முதன்முதலில் கற்ற கள்ள பாஷையும், தாயுடன் பிறந்தவளின் பெண்கள் பறவை, விலங்குகளின் பெயர்களையே சொற்களாக வைத்து ஆடிய ஒரு விளையாட்டுத்தான்.

அந்த விளையாட்டிலிருந்து அவர் வெளியேறிய வழியை நீ கவனிக்க வேண்டும். பர்மிங்காமில் இருப்புப் பாதை ஓரத்து வீட்டில் வளர்ந்த காலத்தில், நிலக்கரி ஏற்றிய வண்டிகளின் மேல் எழுதியிருந்த வெல்ஷ் ஊர்ப் பெயர்கள், அர்த்தம் தெரியாமலே அந்தப் பிள்ளையின் நெஞ்சில் தைத்தன. பிறகு ஆக்ஸ்போர்டில் மாணாக்கராயிருந்தபோது கல்லூரி நூலகத்தில் பின்னிஷ் பாஷையின் வியாகரணம் ஒன்று கைக்குக் கிடைக்க, அதன் சப்த சௌந்தரியத்தில் சொக்கிப்போனார். பின்னிஷ் மீதிருந்த மோகம் குவென்யா என்னும் பாஷையாகவும், வெல்ஷ் மீதிருந்த மோகம் சிண்டரினாகவும் வடிவெடுத்தன. 1954-55இல் ‘மோதிரங்களின் தலைவன்’ (The Lord of the Rings) என்னும் அவருடைய நாவல் வெளியாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பாஷைகள் பிறந்துவிட்டன. அவற்றைப் பேசுவோர் வாழ்வதற்கு ஓர் உலகம் வேண்டுமே என்றுதான் கதைகள் எழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

குவென்யாவுக்கு அந்த இனிமை எங்கிருந்து வந்தது? சேர்த்துக்கொண்ட ஒலிகளால் மட்டுமன்று, விலக்கிவைத்த ஒலிகளாலும் வந்தது. அதில் சொற்கள் பெரும்பாலும் இரண்டு மெய்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்குவதில்லை. சொல்லின் இறுதியில் உயிரோ, குறிப்பிட்ட சில மெய்களோதான் நிற்கலாம். ‘கம்பு’, ‘பந்து’, ‘சங்கு’ என்று சொல்லிப் பார். மெல்லினத்தை அடுத்து வல்லினம் குழைந்து ஒலிக்கிறதல்லவா? அக்குழைந்த ஒலிகள் குவென்யாவிலும் மெல்லினத்துக்குப் பின்னும், ல், ர் போன்றவற்றின் பின்னும்தான் வரும். சொல்லின் முதலில் தலைகாட்டா. மொழிக்கு முதலில் எவை வரும், இறுதியில் எவை வரும் என்று தொல்காப்பியர் வரையறுத்திருப்பதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த உனக்கு, அந்தச் சூத்திரங்கள் பாஷை படைப்பவனுக்கும் பயன்படும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லக்ஷ்மணன் இலக்குவனாகாமல் தமிழுக்குள் வர முடியவில்லை. உன் மலைநாட்டுக்குள் இலக்குவன் வந்தால் அவன் பெயர் என்னவாகும்? இதற்கு உன் நோட்டில் பதில் இல்லை. எந்த ஒலியும் எங்கும் வரலாம் என்று வாசற்கதவைத் திறந்துபோட்டிருக்கிறாய்.

இலக்கணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, தமிழனுக்கு அது கைவந்த சங்கதி. குவென்யாவில் ‘கிர்யா’ என்றால் கப்பல். ‘கிர்யஸ்ஸெ’ கப்பலில், ‘கிர்யன்னா’ கப்பலை நோக்கி, ‘கிர்யல்லோ’ கப்பலிலிருந்து. நம் வேற்றுமை உருபுகளைப் போலவே ஒவ்வோர் உருபும் ஈற்றில் ஒட்டுகிறது. ‘கிர்யத்’ என்றால் இரண்டு கப்பல்கள். ஸம்ஸ்கிருதத்து த்விவசனம் போல இருமைக்கும் தனி வடிவம் உண்டு.

நான் சொல்ல வந்ததெல்லாம் இனிமேல்தான் இருக்கிறது. மனிதன் என்பதற்குக் குவென்யாவில் உள்ள சொல்லை நம் எழுத்தில் ஏறக்குறைய ‘அத்தன்’ என்று எழுதலாம், பன்மை ‘அத்தனி’. சிண்டரினிலோ இரு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட வல்லினம் குழைந்துபோய், ஒருமை ‘அதன்’ என்றாகிறது, பன்மை ‘எதைன்’. இதென்ன விபரீதம், பன்மை விகுதி எங்கே என்று கேட்பாய். ஆதியில் ஈற்றில் நின்ற இகரம், தான் தேய்ந்து மறைவதற்கு முன்னால், முன்னிருந்த அகரங்களைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றை எகரமாகவும் மற்றொன்றை ஐகாரமாகவும் திரித்துவிட்டுப் போயிற்று. விகுதி செத்துப்போய், அது பட்ட தடம் மட்டும் சொல்லின் உடம்பில் இருக்கிறது. அப்படியே, மரத்துக்கு ஆதியில் இருந்த ‘கலதா’ என்னும் வடிவம் குவென்யாவில் முதல் மெய்யையும் நடு உயிரையும் இழந்து ‘அல்தா’ என்றாயிற்று. சிண்டரினில் ஈற்றுயிரை இழந்து ‘கலத்’ என்று நின்றது. இவ்விரண்டையும் டோல்கீன் தனித்தனியே யோசித்துப் படைக்கவில்லை. மூலச் சொல் ஒன்றை வைத்து, ஒலித்திரிபு விதிகள் சிலவற்றை ஏற்படுத்திக்கொண்டு, அவ்விதிகள் கொண்டுவிட்ட இடத்துக்குத் தாமும் கீழ்ப்படிந்து போனார். தமக்கே பிடிக்காத விளைவு வந்தபோது விதியை மாற்றினார், பிறகு மாற்றியதையும் மாற்றினார். 1973இல் காலமாகும் வரை இந்த வேலை முடியவேயில்லை.

ஆகையால் நானூறு சொற்களை ஆயிரமாக்கும் சிரமத்தை இப்போது மேற்கொள்ளாதே. நாற்பதை மட்டும் வைத்துக்கொள்: நீர், நெருப்பு, கை, தாய், போதல், வருதல் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பாட்டன் காலத்து வடிவம் ஒன்றை எழுதி, நாலைந்து விதிகளின் வழியே நடத்திக் கொண்டுவா. உன் ‘க்ஷ்ராக்’ பிறகு ‘க்ஷ்ராக்’காகவே இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் முதலில் நின்ற மூன்று மெய்களுக்கு நடுவே ஒரு காலத்தில் உயிர்கள் இருந்து தேய்ந்துபோயின என்று நீ காட்டுவாயானால், அந்தக் கரடுமுரடான சொல்லை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். அப்படித் தேய்ந்திருந்தால் தண்ணீரும் அதே விதியில் தேய்ந்திருக்க வேண்டும் என்பதை மறவாதே.

நாற்பதும் முடிந்ததும் அனுப்பு. இம்முறை மையால் எழுதாமல் பென்சிலால் எழுது. இடது பக்கத்தைக் காலியாக விடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்