மேற்குச் சுவருக்கு ஒரு சட்டை: புழுங்கும் வீட்டைக் குளிர்விக்க வழிகாட்டி

மே மாத இரவில் கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டுப் படுக்கிற பழக்கம் சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பொழுது சாய்ந்து மூன்று மணி நேரமாகியும் சுவர் இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். 9 அங்குலச் செங்கல் சுவரில் பட்ட சூடு உள்பக்கம் வந்து சேர ஆறேழு மணி நேரம் பிடிக்கிறது. பிற்பகல் மூன்று மணி வெயில், சரியாக நாம் படுக்கப் போகும்போது வீட்டுக்குள் வருகிறது.

மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் முதலில் மாடித் தளத்தைக் கவனிக்க வேண்டும். சுவர் அதற்கு அடுத்ததுதான்.

படி 1: கையை வைத்துப் பாருங்கள்

இரவு எட்டு மணிக்கு எல்லாச் சுவரிலும் உள்பக்கம் உள்ளங்கையை வையுங்கள். மேற்குச் சுவர் சுடும் என்பது தெரிந்ததே. வடக்குச் சுவரையும் தொடுங்கள். ஏப்ரல் பிற்பகுதியில் நம் தலைக்கு நேர்மேலே வரும் உச்சிச் சூரியன், அதன்பின் ஆகஸ்ட் வரை வடக்கே சாய்ந்துதான் போகும். மே மாதத்தில் தெற்குச் சுவரில் நேர்வெயில் ஏறுவதில்லை. ஆகவே நான்கு சுவருக்கும் செலவழிக்க வேண்டாம். சுடுகிற சுவருக்கு மட்டும் போதும்.

படி 2: வெயிலை வாசலிலேயே நிறுத்துங்கள்

நாமக்கல் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறுகிய பக்கம் மட்டுமே மேற்கு வெயிலில் நிற்கும். சூட்டில் கோழி சோர்ந்தால் முட்டை குறையும் என்பதால் பண்ணைக்காரர்களுக்கு இது பால பாடம். மனுசன் வீட்டுக்கு மனையடி பார்க்கிறோம், மேற்கு வெயிலைப் பார்ப்பதில்லை.

கட்டிய வீட்டைத் திருப்ப முடியாது. சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பி கட்டி, சங்குப்பூவோ மல்லிகையோ ஏற்றிவிடுங்கள். இடமில்லையா, நிழல்வலை. அதுவும் முடியாதென்றால் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. அடர் காப்பி நிறம் வீட்டுக்கு எடுப்பாக இருக்கும்தான், ஆனால் சூட்டை அப்படியே குடிக்கும்.

படி 3: ஈரமும் விரிசலும்

நனைந்த சுவர் சூட்டை இன்னும் வேகமாகக் கடத்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே ஊறுகிறது என்று குறித்துவைத்து அடையுங்கள். தை மாதம் மேல்வேலை ஆரம்பிக்கலாம்.

படி 4: சட்டை மாட்டுதல்

ஓரங்குலத் தெர்மாகோல் ஏறக்குறைய ஒன்றரை அடிச் செங்கல்லுக்குச் சமமாகச் சூட்டைத் தடுக்கும். அதை வெளிப்பக்கம் ஒட்டுவதே நல்லது. உள்ளே ஒட்டினால் செங்கல் வழக்கம்போலக் காய்ந்துகொண்டே இருக்கும். அட்டை எளிதில் தீப்பற்றாத ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் முதல் தடவை கொத்தனார் வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டினார். மூன்றாம் நாள் ஒரு அட்டை முழுசாகக் கழன்று முற்றத்தில் கிடந்தது. இதற்கென்று விற்கும் பாலிமர் பசைதான் பிடிக்கும். தரையிலிருந்து அரையடி விட்டு, கீழிருந்து மேலாக, செங்கல் வரிசை போல இணைப்பு மாற்றி ஒட்டுங்கள். அட்டைகளுக்கு நடுவே சந்து இருந்தால் சூடு அந்த வழியே நுழையும். பசை காய்ந்ததும் பிளாஸ்டிக் முளை அடித்து, மெல்லிய பூச்சு போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையை அழுத்திப் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. ஜன்னல் ஓரங்களில்தான் வெடிப்பு வரும்; அங்கே வலையை இரட்டிப்பாக வையுங்கள்.

கொடிக்கயிறு கட்டும் கொக்கியை முன்கூட்டியே செங்கல்லில் இறக்கிவிடுங்கள். பிறகு ஆணி அடித்தால் மழைநீர் உள்ளே போகும்.

படி 5: புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு

ஏஏசி பிளாக் என்ற லேசான கான்கிரீட் கல் சூட்டை நன்றாகவே தடுக்கும். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிதான். ஆனால் என் ஓட்டு எலிப்பொறிக் கட்டுக்கு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பியது. செங்கல்லைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி, நடுவே 3 அங்குல வெற்றிடம் விடுவார்கள். சுவர் அதே 9 அங்குலம். செங்கல் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சம். கொத்தனார் பழகாதவராக இருந்தால் முதலில் காம்பவுண்டுச் சுவரில் கட்டச் சொல்லிப் பாருங்கள். ஒயரிங் குழாயைச் சுவர் எழும்பும்போதே உள்ளே விட்டுவிட வேண்டும். பின்னால் காடி வெட்ட முடியாது.