சுளுக்குத்தானா?

செஞ்சியிலே, ராஜகிரியின் கருங்கற்படிகளை ஏறும்போது காட்டும் ஜாக்கிரதையை இறங்கும்போது மறந்து, கால் பிசகி உட்கார்ந்துவிடுகிறவர்கள், ‘வெறும் சுளுக்கு’ என்று தாமே தீர்மானித்து எண்ணெயிட்டு நீவச் சொல்வது சகஜம். ஆனால், விரல்கள் அசைகின்றனவே என்ற சமாதானத்தைக் கொண்டு எலும்பு முறியவில்லை என்று நிச்சயிப்பதற்கில்லை.

1992-ஆம் வருஷம் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் வெளியிட்ட பரீக்ஷை இங்கே பிரயோஜனப்படும். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் நுனியிலோ, அங்கிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அவற்றின் பின்விளிம்பிலோ, பாதத்தின் வெளியோரத்தில் நடுவே தட்டுப்படும் மேட்டிலோ, உட்புறம் பாதவளைவின் உச்சியிலுள்ள எலும்பிலோ அழுத்தும்போது வலித்தாலும், அடிபட்டவுடனும் வைத்தியர் முன்னிலையிலும் நொண்டியாவது 4 அடி எடுத்துவைக்க இயலாமற் போனாலும், எக்ஸ்ரே அவசியம்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தையும் அழுத்திப் பாருங்கள். கணுக்கால் திருகியதன் முறிவு சில சமயம் அவ்வளவு தூரம் போய் ஒளிந்துகொள்ளும். நீரிழிவால் பாதம் மரத்தவர்களும் சிறு குழந்தைகளும் இந்தப் பரீக்ஷையை நம்பாமல் வைத்தியரிடமே போகவேண்டும்.

முதல் படத்தில் ஒன்றும் தெரியாதிருந்தும், பத்து நாளாகியும் காலூன்ற முடியவில்லையென்றால், மறுபடி படமோ ஸ்கேனோ கேட்பதற்குச் சங்கோசம் எதற்கு?