ஈயம் உருகிப் போனது, அட்டை மிஞ்சியது

பழைய பத்திரிகை அச்சுகளைச் சேர்த்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னால், ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஈயத் தகடுகளை எதிர்பார்க்கிறார்கள். அது அபூர்வமாகத்தான் கிடைக்கும். ரோட்டரி எந்திரம் வைத்திருந்த நாளிதழ்களில் முதல் நாள் பக்கத்தின் ஈயமே மறுநாள் பக்கத்துக்கும் ஈயம். ராத்திரி அச்சடித்து முடித்ததும் தகடுகள் திரும்ப உலைக்குப் போய்விடும். எடைக்கு விலை போகிற எதுவும் இந்தத் தொழிலில் எளிதில் தங்கியதில்லை.

கம்பாசிட்டர்கள் எழுத்துக் கோத்து முடித்த பாரத்தின் மேல் ஈரப்பதமான கெட்டி அட்டையை வைத்து அழுத்துவார்கள். மெல்லிய தாள்களையும் ஒற்றுத்தாளையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த அட்டை அது. இந்த முறையை 1829-இல் கண்டுபிடித்தவர் பிரான்சின் லியோன் நகரத்து குளோத் ஜெனூ. எழுத்துகள் பதிந்து காய்ந்த அட்டைக்கு 'மேட்' என்று பெயர். அதை வளைத்து வார்ப்புப் பெட்டிக்குள் வைத்து, ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த குழம்பை ஊற்றினால் அரை உருளைத் தகடு கிடைக்கும். அதுதான் எந்திரத்தில் ஏறும்.

சுவருக்கு நான் சிபாரிசு செய்வது மேட்டைத்தான். ஈய எழுத்து கண்ணாடிப் பிம்பம் மாதிரி திரும்பியிருக்கும். அதன் மேல் பதிந்த மேட்டில் எழுத்து நேராகிவிடும், நின்று வாசிக்கலாம். தகட்டில் மறுபடி திரும்பிக்கொள்ளும். அதோடு தகடு முழுப் பக்கமென்றால் 15 கிலோவுக்கு மேல் இருக்கும், வளைந்தும் இருக்கும். அதை ஓர் ஆணியை நம்பி மாட்ட முடியாது. மேட்டை ஒரு கையால் தூக்கிவிடலாம். நேர் எதிரே விளக்கு போட்டால் அது வெறும் பழுப்பு அட்டை. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வெளிச்சம் விழுந்தால்தான் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழும்பும்.

"ஈயம் வேணும்னா சொல்லுங்க சார், இந்த அட்டையை எதுக்குங்க தேடறீங்க?" என்று சேலத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அவருக்கு அது தராசில் ஏறாத சரக்கு.

சிக்கல் எங்கள் ஊரின் தட்பவெப்பத்தில் இருக்கிறது. ஜூன் தொடங்கி ஆண்டுக் கடைசி வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மலை இது. மேட் என்பது தாளும் பசையும். பூஞ்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அதைவிட நல்ல விருந்து கிடையாது. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்; இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்தான் சரி. ஆழமான பெட்டிச் சட்டம் போடச் சொல்லுங்கள். சட்டத்தின் கண்ணாடி மேட்டின் மேல் படக் கூடாது. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு வைத்தால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. அதை மாற்றச் சட்டத்தைத் திறக்க நான் வைத்திருக்கும் கணக்கு, களத்தில் காப்பிக்கொட்டை நன்றாகக் காய்கிற நாள். லாமினேஷன் பேச்சே வேண்டாம். ஈரத்துணியும் கூடாது, மென்மையான வறண்ட தூரிகை போதும்.

மலைவாசிகளுக்கு அதிகம் கவலை தராதவை துத்தநாக பிளாக்குகள், அதாவது படமும் விளம்பரமும் அச்சடிக்கக் கட்டையில் அடித்த துத்தநாகத் தகடுகள். சிறு அச்சகங்கள் திரும்பப் பயன்படும் என்று அலமாரியில் போட்டுவைத்ததால் இவை நிறையவே தப்பியிருக்கின்றன. என்னிடமுள்ள ஒன்று உள்ளங்கை அளவுத் தைல விளம்பரம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெண்ணின் கூந்தல் முழுக்கப் புள்ளிகள். விளிம்புச் சரிவில் கட்டையோடு சேர்த்து அடித்த துருப்பிடித்த குட்டி ஆணிகள். கீழே இடவலம் மாறிய எழுத்தில் விலை 1-4-0, அதாவது ஒரு ரூபாய் நாலணா. செல்போனில் படம் எடுத்துத் திருப்பிப் போட்டால் எளிதாக வாசிக்கலாம்.

அந்த விலையே காலத்தையும் சொல்லிவிடுகிறது. புதுக்காசு வந்தது 1957 ஏப்ரல் 1; அணாவில் விலை இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. நயா பைசா என்றிருந்தால் அதற்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. துதிக்கை வளைவுள்ள பழைய லை, ணை, னை இருந்தால் பெரும்பாலும் 1978 அரசாணைக்கு முந்தியது. ஆனால் சீர்திருத்த எழுத்து இருக்கிறதே, புதுசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரியாரின் 'குடி அரசு' 1935-லேயே அந்த எழுத்துக்கு மாறிவிட்டது.

கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரை 'நாளிதழ் பிளாக்' என்று தலையில் கட்டுவார்கள். புள்ளியைப் பாருங்கள். நியூஸ்பிரிண்ட் தாளுக்கு அங்குலத்துக்கு 55, 65 புள்ளி வரிசைகள் என்று முரட்டுப் புள்ளி வைப்பார்கள், வெறும் கண்ணுக்கே தெரியும். வழவழப்பான ஆர்ட் தாளுக்கு 120, 133 என்று நெருக்கமாக இருக்கும். கட்டையோடு சேர்ந்த உயரம் 23 மில்லிமீட்டரை ஒட்டி இல்லையென்றால் அது எந்த எந்திரத்திலும் ஏறியிருக்காது, அலங்காரத்துக்குச் செய்தது.

சேலத்துக்காரர்கள் தேட வேண்டியது சினிமா விளம்பர பிளாக். ஏற்காட்டுச் சாலையில் வளைவு மட்டும் மிச்சமிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரி குமாரி' (1950), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) என்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஊர் இது. எனக்கு இன்னும் அகப்படவில்லை.

சுத்தம் செய்யும்போது வீட்டுப் பழக்கம் காலை வாரும். பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். துத்தநாகத்தைப் புளி அரித்துவிடும், நுண்புள்ளிகள் முதலில் போகும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். பள்ளத்து மையைக் கொஞ்சம் விட்டுவைப்பது என் ருசி. பளபளவென்று ஆக்கினால் பாத்திரக் கடை மாதிரி இருக்கிறது. ஈயம் கிடைத்துவிட்டால் உப்புத்தாள் தொடக் கூடாது. மூடிய மரப்பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவியால் வெள்ளை பூக்கும். அது விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்ட பிறகு கை கழுவுங்கள்.

வாங்க நல்ல இடம் மூடப்போகிற ட்ரெடில் அச்சகம். எடைக்கடை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, எந்தக் கடை விளம்பரம், எந்த எந்திரத்தில் ஓடியது என்று அங்கேயே கேட்டுத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிய சீட்டைச் சட்டத்தின் பின்பக்கம் ஒட்டலாம், அச்சின் மேல் வேண்டாம். பசைக்கு மறுபடி பூச்சி வரும்.